முற்றத்தில் வைத்தே ஒட்டோ கியர் ஒயில் மாற்றுவது: பான் கழற்றுவது முதல் அளவு பார்ப்பது வரை

எஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிற ஒருவரிடம், அதே காரின் கியர்பொக்ஸ் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அதுவும் மாத்த வேணுமோ?" என்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னுடைய பழைய கொறோலா 121 காலையில் 'என்' (நியூற்றல்) நிலையிலிருந்து 'டி' (ஓடும்) கியருக்குப் போகும்போது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகரும். வயது போன வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வருடம் ஓடினேன். ஒருநாள் கியர்பொக்ஸின் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தபோது வந்தது கோப்பி நிறத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் கைத்திறனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த ஊர் இது. ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் கிளச் மிதித்துக் கியர் போடுகிறவை. ஒட்டோ கியர் கார்கள் இங்கே பெருவாரியாக வந்தது 2009க்குப் பிறகு, ஏ9 வீதி திறந்த பின்புதான். தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறிய தொழிலில் ஒட்டோ கியர் பிந்தி வந்து சேர்ந்த பாடம். அதனால்தானோ என்னவோ, இது பற்றிக் கேட்டால் இரண்டு ஆலோசனைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "பழைய கியர்பொக்ஸ், தொடாதேங்கோ." மற்றது, "சிவப்பு ஒயில் எல்லாம் ஒண்டுதான், எதையும் விடலாம்." முதலாவது பாதி பிழை. இரண்டாவது முழுப் பிழை.

வண்டியின் விலையையும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே ஓட்டினோம். இப்போதும் நிறையப் பேர் அதே கார்களைத்தான் ஓட்டுகிறார்கள். சில லீற்றர் ஒயிலை மிச்சம் பிடித்து ஒரு கியர்பொக்ஸை இழப்பது நல்ல கணக்கல்ல.

"தொடாதே" என்பது எங்கிருந்து வந்தது

ஒட்டோ கியர்பொக்ஸில் ஒயில் மூன்று வேலை பார்க்கிறது. உராய்வைக் குறைக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அழுத்தத்தைக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளைச் சேர்த்துப் பிடிப்பதும் விடுவதும் இந்த ஒயிலின் அழுத்தம்தான். நீங்கள் கிளச் மிதிக்காத வேலையை உங்களுக்காக ஒயில் மிதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் வெந்து அதன் குணம் கெட்டால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு ஏறும். அது ஒயிலை இன்னும் கெடுக்கும்.

கதை எப்படி நடக்கிறதென்றால், ஒருவர் ஒயிலை மாற்றாமல் வருடக்கணக்காக ஓடுவார். தட்டுகள் தேய்ந்து, எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி ஓடாத நிலை வந்த பிறகு, கடைசி முயற்சியாக ஒயில் மாற்றுவார். இரண்டு கிழமையில் கியர்பொக்ஸ் நின்றுவிடும். பழி புது ஒயிலில் விழும். ஏற்கெனவே வழுக்குகிற, ஒயில் கருகி மணக்கிற கியர்பொக்ஸை ஒயில் மாற்றம் குணப்படுத்தாது. அந்த நிலையில் இந்த வேலையில் இறங்க வேண்டாம், அது பிரித்துப் பார்க்க வேண்டிய நோய். மெசினில் பூட்டி அழுத்தத்தோடு முழு ஒயிலையும் தள்ளி மாற்றும் முறையையும் பழைய கியர்பொக்ஸுக்கு நான் சொல்ல மாட்டேன். படிந்து கிடக்கும் அழுக்கைக் கிளப்பி, ஒயில் அழுத்தத்தைப் பங்கிடும் 'வால்வ் பொடி' (valve body) என்ற பாகத்தின் ஊசித் துளைகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஒழுங்காக ஓடுகிற வண்டியில், ஒயில் தானாக வடிகிற அளவை வடித்து, அதே அளவு புதிது விடுவதால் இந்தப் பயம் இல்லை. இங்கே சொல்லப்போவது அந்த முறைதான்.

முதலில், உங்கள் கியர்பொக்ஸ் எந்த இனம்?

ஒட்டோ கியர் என்று பொதுப்பெயரில் சொல்கிறோம், உள்ளே ஒரே சாமான் அல்ல. கொறோலா 121 போன்ற பழைய ரொயோட்டாக்களில் இருப்பது கிளச் தட்டும் பற்சக்கரமும் கொண்ட வழமையான ஒட்டோ கியர். அளவு பார்க்கும் ஒயில் குச்சி இருக்கும், கீழே ஒயில் தேங்கும் தட்டான பான் இருக்கும். அலியன் 260, வகன் ஆர் போன்றவற்றில் சி.வி.ரி.; அதில் உலோகப் பட்டி ஓடுகிறது, அதற்குரிய ஒயில் வேறு. பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட்கள் தனிச் சாதி. இந்த வழிகாட்டி குச்சியும் பானும் உள்ள வழமையான ஒட்டோ கியருக்கானது.

ஹொண்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பழைய ஹொண்டா ஒட்டோ கியர்களில் சேர்விசுக்காகக் கழற்றும் பான் கிடையாது, நட்டைக் கழற்றி வடித்து நிரப்புவதோடு சரி. அளவு பார்ப்பதும் மாறுபடும்: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, 60 முதல் 90 வினாடிக்குள் குச்சியைப் பார்க்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதே பார்ப்பவை.

குச்சியே இல்லாத கியர்பொக்ஸும் உண்டு. டபிள்யூ.எஸ். (WS) என்ற வகைக் கியர் ஒயில் பாவிக்கும் பிந்திய ரொயோட்டாக்கள் பல அந்த வகை. அவற்றில் ஒயிலின் சூட்டைக் கருவியில் பார்த்து, 40 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது கீழே உள்ள அளவு நட்டைத் திறந்து, மிஞ்சியது வழிந்து சொட்டாகும்வரை விடவேண்டும். முதல்தடவை செய்கிறவர் அதில் தொடங்காதிருப்பது நல்லது.

இப்போது ஒயிலின் பெயர். ஜப்பானிலிருந்து வந்த வண்டியின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும் என்பதால் பலர் அதைத் திறப்பதே இல்லை. போனின் கமெராவால் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். அதைவிட இலகு, கியர்பொக்ஸ் குச்சியின் தகட்டைத் துடைத்துப் பார்ப்பது. 121 போன்றவற்றில் ரி-ஃபோர் (T-IV) என்று ஒயிலின் பெயர் அதிலேயே பொறித்திருக்கும். ரி-ஃபோரும் சிவப்பு, டபிள்யூ.எஸ்.ஸும் சிவப்பு, டெக்ஸ்ரொனும் சிவப்பு. நிறம் என்பது ஒழுக்கு கண்டால் எஞ்சின் ஒயிலிலிருந்து பிரித்தறியப் போட்ட சாயம், அவ்வளவுதான். டபிள்யூ.எஸ். ரி-ஃபோரைவிட மெல்லியது. ஒன்றுக்காகச் செய்த கியர்பொக்ஸில் மற்றதை விட்டால் தட்டுகள் பிடிக்கும் வேகமும் விதமும் மாறும். சி.வி.ரி.யில் சாதாரண கியர் ஒயிலை விட்டால் பட்டி வழுக்கும், அது பெரிய செலவு. வண்டி கேட்கிற பெயர் போத்தலில் எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் "உதுவும் அதுதான்" என்றால் பரவாயில்லை, வேறு கடை பார்க்கலாம்.

ஒயிலைப் பார்த்து நோய் கண்டுபிடிப்பது

சாமான் வாங்கும் முன் குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை ரிசுவில் விடுங்கள். நல்ல ஒயில் தெளிந்த சிவப்பாகப் பரவும். பழசு மண்ணிறமாக இருக்கும். அது மாற்றவேண்டிய ஒயில். கறுத்து, கருகிய மணத்தோடு, நடுவில் பொடி தங்கினால் மேலே சொன்ன நோய்.

இன்னொன்று, இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது: ஸ்ரோபெரி மில்க்சேக் போல இளஞ்சிவப்பாகக் கலங்கி இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. பல கார்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேற்றருக்கு உள்ளேயே இருக்கிறது. அது துருப்பிடித்துத் துளைபட்டால் இரண்டும் கலக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேற்றரிலும் படியும். கரையோரப் பக்கமானால் உப்பும் சேரும். கூலன்ட் வாங்கப் பஞ்சிப்பட்டு வாளித் தண்ணீரை விடும் பழக்கம் கடைசியில் கியர்பொக்ஸ் வரை போகலாம். மில்க்சேக் நிறம் கண்டால் வண்டியை எடுக்காமல் நிறுத்துங்கள். ரேடியேற்றரைச் சரிசெய்யாமல் ஒயில் மாற்றிப் பயனில்லை.

என்னென்ன வேண்டும்

ஒயில், பானின் விளிம்பில் ஒழுக்கைத் தடுக்க வைக்கும் பக்கிங், பில்ரர், அதன் இறப்பர் வளையமான ஓ றிங், வடிக்கும் நட்டுக்குப் புது வொஷர். இவற்றை வண்டியின் செசி இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள். நகரத்துக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் போட்டு எடுப்பிக்கலாம். ஆனால் சாமான் கைக்கு வருமுன் பானைக் கழற்றாதீர்கள். (பானை என்றதும் சமையல் பானை ஞாபகம் வருகிறதா? இனிச் சம்ப் என்றே சொல்கிறேன், பாஸ்மாரும் பலர் அப்படித்தான் சொல்வார்கள்.)

கருவி என்று பார்த்தால் 10 மில்லிமீற்றர் சொக்கெற், வடிக்கும் நட்டுக்கு ஏற்ற அலன் கீ, நீளமான மெல்லிய வாய் உள்ள புனல், பிரேக் கிளீனர் ஒரு ரின், கையுறை, வாயகன்ற பழைய பேசின், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஐந்தாறு. இந்தக் காலிப் போத்தல்கள்தான் இந்த வேலையின் முக்கியக் கருவி. ஏனென்று பிறகு தெரியும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் சின்ன ரோர்க் ரென்ச் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைத்தால் வடிவான வேலை.

துடைக்கிற துணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கிழிந்த சாரம்தான் கராஜ் துணி. கையைத் துடைக்க, வெளிப்பக்கம் துடைக்க அது போதும். சம்பின் உட்பக்கத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். நூல் உதிரும். அந்த நூல் பில்ரரில் போய் ஒட்டும். உள்ளே துடைக்க நூல் உதிராத துணியோ தடித்த கடதாசித் துவாயோ எடுங்கள்.

வேலை செய்யும் நாளையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் முற்றத்து மணல் எழும்பித் தேநீருக்குள்ளேயே விழும்; அந்த நேரம் கியர்பொக்ஸைத் திறந்து வைக்கலாமா? காற்றடங்கிய விடிகாலை நல்லது. மாரிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் நல்லது.

வண்டியை உயர்த்துவது

ஒயில் இளஞ்சூட்டில் இருந்தால் நன்றாக வடியும். பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்து, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். கொழும்பிலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும்.

மணல் முற்றத்தில் ஜக்கு புதையும். சீமெந்துத் தரையில் வைக்க முடியாவிட்டால் தடித்த அகலப் பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஜக்கை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஜக் ஸ்ரான்ட் கொடுத்து, ஸ்ரான்டுக்குக் கீழேயும் பலகை கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகவேண்டும். சீமெந்து புளொக் கல்லை முட்டுக் கொடுப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். துவாரம் உள்ள கல் நொறுங்கும்போது முன்னறிவித்தல் தராது. ஜக்கை மட்டும் நம்பியும் ஒருநாளும் கீழே போகாதீர்கள். இன்னொன்று: முன்சில்லு இழுவை வண்டியில் பி (பார்க்) கியர் பூட்டுவது முன்சில்லுகளை மட்டும். அவை அந்தரத்தில் இருக்கும்போது பியில் போட்டிருக்கிறேன் என்பது ஒரு காவலுமல்ல. கைப் பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

வடித்தல்

கீழே போனால் இரண்டு வடிக்கும் நட்டுகள் தெரியும். ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று கியர்பொக்ஸுக்கு. 121 இல் எஞ்சின் நட்டு வெளியே தள்ளிய அறுகோணத் தலை, 14 ஸ்பனர் பிடிக்கும். கியர்பொக்ஸ் நட்டு உள்ளே குழிந்த அலன் கீ வகை. எஞ்சின் ஒயில் மாற்ற வந்த ஒருவர் கியர் ஒயிலை வடித்துவிட்டு, எஞ்சினுக்குப் புது ஒயிலையும் விட்டுப் போன கதை எங்கள் ஒழுங்கையிலேயே நடந்தது. எஞ்சினில் இரட்டிப்பு ஒயில், கியர்பொக்ஸ் வறுமை. வண்டி கேற்றைத் தாண்டவில்லை.

நட்டைத் திறக்கும் முன், குச்சி இலகுவாக வருகிறதா, குழாய்க்குள் புனல் போகிறதா என்று பாருங்கள். குச்சி இல்லாத வண்டியில் நிரப்பும் நட்டு முதலில் திறபடுகிறதா என்று பாருங்கள். ஒயிலை வடித்துவிட்டு நிரப்பும் வழி இறுகிக் கிடந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கராஜுக்கும் போக முடியாது.

நட்டு கழன்றதும் ஒயில் கோடுபோல வெளியே பாயும். பேசினைச் சற்றுத் தள்ளி வையுங்கள். சொட்டாகும்வரை விட்டு, நட்டைக் கையால் தற்காலிகமாகப் பூட்டுங்கள். இனிச் சம்ப். சுற்றிவர 10 மில்லிமீற்றர் போல்ட்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளே மிஞ்சிய ஒயில் உங்கள் முகத்தில். ஒரு மூலையில் மூன்று நான்கு போல்ட்டைப் பாதி தளர்த்தி விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். சம்ப் எதிர்ப்பக்கமாகச் சரியும், ஒயில் அங்காலே வடியும்.

பழைய பக்கிங் ஒட்டிக்கொண்டு வராதிருந்தால் திருகாணிச் சாவியை இடுக்கில் விட்டு நெம்ப ஆசை வரும். கியர்பொக்ஸ் உடல் அலுமினியம். ஒரு கீறல் போதும், வாழ்நாள் ஒழுக்கு. மரத்துண்டு வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். சில வண்டிகளில் பக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கன் பூசியிருக்கும், அது கொஞ்சம் அடம்பிடிக்கும். அவசரப்படாமல் மூலை மூலையாகப் பிரியுங்கள்.

சம்பின் அடியில் எழுதியிருப்பது

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இது. சம்பின் அடியில் சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒன்று படிந்திருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள். திருநீறுபோல மென்மையாக, விரலில் எதுவும் குத்தாமல் இருந்தால் அது வழமையான தேய்மானம். எத்தனையோ ஆயிரம் கிலோமீற்றரில் உதிர்ந்த இரும்புத் தூள். ஊசிபோல, தகடுபோல இரும்புத் துண்டு கண்டால் எங்கோ பற்சக்கரமோ பெயரிங்கோ உடைகிறது. மஞ்சள் பித்தளை நிறத்தில் மினுங்கும் துகள் காந்தத்தில் ஒட்டாது, சம்பின் அடியிலேயே கிடக்கும். பேசினில் வடித்த ஒயிலையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுத்த நார்போன்ற துகள் நிறைய இருந்தால் கிளச் தட்டின் உறை. இவற்றில் ஏதாவது கண்டால் படம் எடுத்து வையுங்கள். ஒயிலை மாற்றிப் பூட்டலாம், ஆனால் ஒட்டோ கியர் தெரிந்த ஒருவரிடம் அந்தப் படத்தோடு போகவேண்டும்.

அடுத்து பில்ரர். மேலே சில போல்ட்களில் தொங்கும். கழற்றும்போது இன்னும் ஒரு கோப்பை ஒயில் கொட்டும், பேசின் கீழேயே இருக்கட்டும். போல்ட்கள் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கடதாசி மட்டையில் பில்ரரின் படத்தைக் கீறி, எந்தப் போல்ட் எங்கிருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். பழைய ஓ றிங் சில நேரம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புதியதைச் செருகினால் பில்ரர் சரியாக உட்காராது, பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சும். புது ஓ றிங்குக்குப் புது ஒயில் ஒரு துளி தடவிப் பூட்டுங்கள். அங்கே தெரியும் வால்வ் பொடியின் மற்றப் போல்ட்களில் கை வைக்க வேண்டாம்.

கழுவிப் பூட்டுதல்

சம்பைப் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவுவதென்றால் கடைசியில் கிளீனர் ஒருதரம் அடித்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் உலர்த்த வேண்டும். காந்தங்களைத் துடைத்து இருந்த இடத்திலேயே வையுங்கள். சம்பின் விளிம்பில் போல்ட் துளையைச் சுற்றித் தகடு மேலே குவிந்திருக்கும். முன்னர் யாரோ இறுக்கிய அடையாளம். விளிம்பைப் பலகையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துங்கள். பக்கிங் போட்டும் ஒழுகுகிறது என்பவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாதவர்கள் என்று நினைக்கிறேன். பக்கிங் போடுகிற சம்புக்குச் சிலிக்கன் தேவையில்லை. காவலுக்கு இருக்கட்டும் என்று பூசினால் பக்கிங் வழுக்கி வெளியே தள்ளும், மிஞ்சியது பிரிந்து உள்ளேயும் போகும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பூட்டுங்கள். பிறகு எதிரெதிராக, சிறிது சிறிதாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். 121 இன் சம்ப் போல்ட்டுக்கு 7 முதல் 8 நியூட்டன் மீற்றர் போதும். இது எவ்வளவு? 10 சென்ரிமீற்றர் தூரத்தில் ஸ்பனரின் நுனியில் 7 லீற்றர் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்ட பாரம். கையில் பிடித்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இன்னும் கொஞ்சம் என்று இழுத்தேன், போல்ட் திடீரென்று லேசாகச் சுற்றியது. அலுமினியத்தில் மரை போய்விட்டது. அதற்குப் புது மரை போடுவித்த செலவில் இன்னொருதரம் ஒயில் மாற்றியிருக்கலாம். அன்றிலிருந்து ரென்ச்சைத் தலைக்குக் கிட்டவாக, இரண்டு விரலால் பிடித்துத்தான் இறுக்குகிறேன். வடிக்கும் நட்டுக்குப் புது வொஷர் போட்டு, உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவில் இறுக்குங்கள்.

எவ்வளவு விடவேண்டும்

இப்போது அந்தத் தண்ணீர்ப் போத்தல்கள். பேசினில் உள்ள பழைய ஒயிலைப் புனலால் போத்தல்களில் நிரப்பி வரிசையாக வையுங்கள். 3 போத்தலும் கொஞ்சமும் என்றால் புதிதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கியர்பொக்ஸுக்கு 7 லீற்றர் என்று எங்கோ வாசித்துவிட்டு 7 லீற்றரையும் விட்டுவிடாதீர்கள். அது முற்றிலும் காய்ந்த கியர்பொக்ஸின் கொள்ளளவு. பாதிக்கு மேல், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் ரோர்க் கொன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கி நிற்கிறது, வடியாது. அதேபோல, முதலில் இருந்த அளவே பிழையாக இருந்திருக்கலாம். வேலை தொடங்குமுன் குச்சியில் அளவு பார்த்து எழுதி வைத்தவருக்கு இந்த இடத்தில் குழப்பம் இல்லை.

வடிந்ததைவிடக் கால் லீற்றர் குறைவாகக் குச்சிக் குழாய் வழியாக மெதுவாக விடுங்கள். வண்டியை ஸ்ரான்டிலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்துங்கள். சாய்ந்த வண்டியில் அளவு பொய் சொல்லும். எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி, எல் என்று ஒவ்வொன்றிலும் சில வினாடி நிறுத்தித் திரும்பப் பிக்கு வாருங்கள். கீழே ஒழுக்கு இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போதே குச்சியை இழுத்துத் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி இழுத்துப் பாருங்கள். குளிர் அடையாளத்துக்குள் இருந்தால் ஓடலாம். குச்சியின் இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் காட்டினால் குறைந்த பக்கத்தை நம்புங்கள். மற்றப் பக்கம் குழாய்ச் சுவரில் வழிந்த ஒயில்.

இது முடிவான அளவு அல்ல. ஒயில் சூடேறினால் விரியும். நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைப் பக்கம் ஒருதரம் போய் வாருங்கள். ஒயில் 70, 80 பாகைக்கு வந்துவிடும். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தாமல், முன்போலக் கியர்களை மாற்றி, பியில் வைத்துப் பாருங்கள். சூட்டு அடையாளத்தின் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கவேண்டும். குறைந்தால் 100, 200 மில்லிலீற்றராகக் கூட்டுங்கள். கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடிய ஒயிலைச் சுழலும் சக்கரங்கள் மோர் கடைவதுபோலக் கடையும்; நுரை எழும்பும்; நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது; தட்டுகள் வழுக்கும். குறைந்தாலும் அதே முடிவுதான், அப்போது பம்ப் காற்றை இழுக்கும். கூடிவிட்டால் வடிக்கும் நட்டைச் சற்றுத் திறந்து போத்தலில் அளந்து எடுங்கள்.

ஒருதரம் போதுமா

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 7 லீற்றர், வடிவது 3 என்றால் முதல்தரம் புது ஒயில் 43 வீதம். இரண்டாம்தரம் வடித்து விட்டால் 67, மூன்றாம்தரம் 81. என் வண்டிக்கு ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்றுதரம் செய்தேன். பின்னைய இரண்டு தடவையும் சம்பைக் கழற்றத் தேவையில்லை, நட்டை மட்டும் திறந்து வடித்தால் போதும். அரை மணித்தியால வேலை. இரண்டாம்தரத்துக்குப் பிறகுதான் அந்தக் காலைத் தயக்கம் குறைந்தது. முற்றாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதன்பின் 40,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் வடித்து நிரப்புவது என் கணக்கு. பிந்தினாலும், இந்த வெயிலில் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் ஓடித் திரும்பும் வண்டியை 60,000க்கு மேல் போகவிடமாட்டேன்.

முதல் நாள் இரவு வண்டிக்குக் கீழே கடதாசி மட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் சிவப்புப் பொட்டு இருந்தால் எந்தப் போல்ட்டுக்கு நேரே என்று தெரியும். உடனே ரென்ச்சோடு ஓடாதீர்கள். சம்பில் வழிந்து மிஞ்சியதாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு இன்னொரு நாள் பாருங்கள்.

பழைய ஒயில்

மூன்று நாலு போத்தல் பழைய ஒயில் வேலி ஓரமாக நிற்கும். வீட்டில் யாராவது, அநேகமாக அப்பா, "கொட்டிப் போடாதை, வேலிக்கட்டைக்கும் பனஞ்சலாகைக்கும் பூசுவம், கறையான் வராது" என்பார். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. கறையானுக்கு அது மருந்தோ இல்லையோ, மழை பெய்ததும் அது மண்ணுக்குள்தான் போகும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். மேலே ஊற்றுவதை அது வடிகட்டித் தராது. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளில் மிதந்த கதை நமக்குத் தெரியும். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது; அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் முற்றத்துக் கிணற்றை விட்டு பவுசர் தண்ணீருக்குக் காத்துநின்றிருந்தன.

போத்தல்களின் மூடியை இறுக்கி, கழிவு ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையம் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். கூலன்ட்டோடோ பெற்றோலோடோ கலக்காமல் தனியாகக் கொண்டுபோனால் வாங்க மறுக்கமாட்டார்கள். பழைய பில்ரரை ஒரு இரவு புனலில் கவிழ்த்து வைத்து வடியவிட்டு அதையும் சேர்த்துக் கொடுங்கள். மணலில் சிந்தியிருந்தால் அந்த மண்ணைச் சுரண்டிப் பையில் போடுங்கள், கிணற்றடிப் பக்கம் கழுவி விடாதீர்கள்.

பொனற்றின் உட்பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டி, திகதி, கிலோமீற்றர், ஒயிலின் பெயர், விட்ட லீற்றர் நான்கையும் எழுதி வையுங்கள். நான் போல்பொயின்றால் எழுதி, முதல் சேர்விசில் தண்ணீர் அடித்தபோது அழிந்துவிட்டது. மார்க்கர் பேனை எடுங்கள்.